ரயில் கடை இல்லாத ஊரில் ரயில் வாங்குவது

புதுச்சேரி மாநிலத்து வில்லியனூரில் மாடல் ரயில் விற்கும் கடை கிடையாது. பாகூரிலும் கிடையாது. இந்தப் பொழுதுபோக்கில் புதிதாக இறங்கும் பிள்ளைகள் என்னிடம் முதலில் சொல்லும் குறை இதுதான். எனக்கு இது குறையாகவே படவில்லை. ரயில் கடைக்குள் நுழைந்துவிட்டால் எல்லாப் பொருளுக்கும் ரயில் விலை. அதே பொருள் நம் ஊரில் காயலான் கடையில், மோட்டார் உதிரிபாகக் கடையில், மருந்துக் கடையில் வேறு பெயரோடும் வேறு விலையோடும் கிடக்கிறது. விற்கிறவருக்கு அது ரயில் பொருள் என்று தெரியாது. நமக்குத் தெரிந்திருந்தால் போதும். பேரம் பேசத் தெரியாதவன்கூட இங்கே மலிவாக வாங்கலாம். பொருளைத் தெரியாதவனால் முடியாது.

நான் கட்டிக்கொண்டிருப்பது வில்லியனூர் ஸ்டேஷன். இப்போது இருக்கிற அகலப்பாதை ஸ்டேஷன் அல்ல, மீட்டர் கேஜ் காலத்தது. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு 1879-ல் ரயில் வந்தது. பாண்டிச்சேரி ரயில்வே கம்பெனி போட்ட பாதை; வண்டிகளை ஓட்டியது தென்னிந்திய ரயில்வே. 2004-ல் அது அகலப்பாதை ஆனது. இடைப்பட்ட ஒன்றேகால் நூற்றாண்டு இந்தக் கிராமங்களின் பொழுதை அந்தச் சின்ன வண்டிதான் அளந்தது. அதை ஒரு பலகையில் திரும்ப ஓட வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

அந்த ஆசையை வைத்துக்கொண்டு கடைக்குப் போவதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட வேண்டும். இதைப் போடாதவர்கள்தான் மலிவு என்று எதையாவது வாங்கி, எதனோடும் சேராமல் பெட்டியில் பூட்டி வைக்கிறார்கள்.

உலகத்தில் அதிகம் விற்பது எச்.ஓ. என்ற அளவு. அசலில் 87-ல் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. பிரிட்டிஷ்காரர்களின் ஓ.ஓ. அளவு 76-ல் ஒரு பங்கு. ஆனால் தண்டவாளம் அதே 16.5 தான். அதைவிடச் சின்னது ‘என்.’ (N) என்ற அளவு: 160-ல் ஒரு பங்கு, 9 மி.மீ. தண்டவாளம். இவையெல்லாம் ஐரோப்பாவின் 1435 மி.மீ. பாதையை மனத்தில் வைத்துச் செய்தவை. நம் அகலப்பாதை 1676 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் 19 மி.மீ.க்கு மேல் வருகிறது. எனவே 16.5 தண்டவாளத்தில் நம் அகலப்பாதை சரியாக உட்கார வேண்டுமானால் மற்ற எல்லாம் ஏறக்குறைய 1:100 அளவில் இருக்க வேண்டும். மீட்டர் கேஜுக்கு 9 மி.மீ. தண்டவாளத்தை எடுத்துக்கொண்டால் அளவு 1:111. எச்.ஓ. அளவிலேயே மீட்டர் கேஜ் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் 12 மி.மீ. தண்டவாளம் வாங்க வேண்டும். அது பெரும்பாலும் சுவிட்சர்லாந்தின் மலை ரயில்களுக்காகச் செய்யப்படுவது, விலையும் மலையளவு.

நான் 9 மி.மீ. பக்கம் போனேன். அந்த ஒரு முடிவில் செலவு வெகுவாகக் குறைந்தது. 9 மி.மீ. தண்டவாளம் உலகெங்கும் பழைய சரக்காகப் புழங்குகிறது. ஒய்.பி. என்ற மீட்டர் கேஜ் நீராவி இன்ஜினின் மேலுடலை நானே அட்டையிலும் பித்தளைத் தகட்டிலும் செய்துகொள்வதால், மேலே உடைந்து நொறுங்கி, கீழே மட்டும் நன்றாக ஓடுகிற இன்ஜின் எனக்குப் போதும். மற்றவர்கள் ஒதுக்குகிற அந்தப் பொருள்தான் எனக்கு முதல் தரம். உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம். ஆனால் கணக்கு இருக்க வேண்டும். அது இருந்தால் கடையில் நிற்கும்போது ‘வேண்டாம்’ என்று சொல்வது எளிது.

மனிதர்களும் மரங்களும் எங்கே கிடைத்தன என்பதைச் சொல்ல வேண்டும். கட்டடக்கலை மாணவர்கள் வீட்டு மாதிரி செய்வதற்கென்று ஸ்டேஷனரிக் கடைகளில் குட்டி பிளாஸ்டிக் மனிதர்கள், விளக்குக் கம்பங்கள், மரங்கள் பொட்டலமாக விற்கிறார்கள். அவற்றின் அளவு பெரும்பாலும் 1:100. நம் அகலப்பாதைக்கு அது அப்படியே பொருந்துகிறது. என் மீட்டர் கேஜுக்குக் கால் பாதத்தை லேசாகத் தேய்த்துவிட்டால் போதும். வெளிநாட்டு ரயில் கம்பெனியின் மனிதர்கள் நாலைந்து பேர் வருகிற விலைக்கு இங்கே ஒரு சந்தைக் கூட்டமே வருகிறது. தலையில் கூடை வைக்க, கோட்டைக் கழற்றி வேட்டி கட்டிவிட நகப்பூச்சுப் பிரஷ்ஷும் கொஞ்சம் மாவுப்பசையும் போதும்.

இனி காயலான் கடை. நம் பகுதிக்கு மட்டுமே உரிய ஒரு வாய்ப்பு இதில் இருக்கிறது. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற குடும்பங்கள், சொல்தா வீடுகள் என்று நாம் சொல்வோமே, அவர்கள் பிரான்சிலிருந்து வரும்போது பிள்ளைகளுக்கு பொம்மை ரயில் கொண்டுவந்திருக்கிறார்கள். பிள்ளைகள் வளர்ந்து பிரான்சுக்கே போய்விட்டார்கள். ரயில் பரண் மேல் கிடந்து, வீடு வெள்ளையடிக்கும்போது இரும்புக் கடைக்கு வருகிறது. தமிழ்நாட்டின் எந்த ஊர்க் காயலான் கடையிலும் ஜுவெஃப் பெயர் போட்ட பெட்டியை எதிர்பார்க்க முடியாது. பிரான்சின் ஜூரா பகுதியில் ஷாம்பன்யோல் என்ற ஊரில் செய்த ரயில் அது. சாதாரணக் குடும்பங்கள் வாங்கிய எச்.ஓ. ரயில். 2000-களின் தொடக்கத்தில் அந்தப் பெயரை பிரிட்டனின் ஹார்ன்பி வாங்கிக்கொண்டது. இந்தப் பெட்டிகளுக்காகவே நான் தனியாக ஒரு எச்.ஓ. பலகை வைத்திருக்கிறேன்.

போக வேண்டிய காலம் போகிக்கு முந்தைய இரண்டு வாரம். வீட்டைக் காலி செய்து கொட்டுகிற சரக்கு அப்போதுதான் கடைக்கு வந்து சேர்கிறது. பொங்கல் முடிந்த பிறகு போனால் எல்லாம் உருக்கப் போயிருக்கும். அடுத்தது ஜூலை, ஆகஸ்ட். பிரான்சில் கோடை விடுமுறை. அங்கிருந்து வருகிறவர்கள் பூட்டிய வீட்டைத் திறந்து ஒழுங்குபடுத்துவார்கள். கடைக்காரரிடம் ஒரு தடவை சொல்லி வைப்பது, பல நாள் போய்க் கிளறுவதைவிட மேல். “அண்ணே, தண்டவாளம் மாதிரி சின்னதா எது வந்தாலும் எடை போடாம எனக்கு ஒரு போன் பண்ணுங்க” என்று சொல்லி, ஒரு பொடி தண்டவாளத் துண்டையும் அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தேன். சொன்னது மறந்துபோகும்; கண் முன்னால் கிடக்கிற பொருள் மறக்காது.

நகரத்தின் மகாத்மா காந்தி சாலை சண்டே மார்க்கெட்டிலும் எப்போதாவது ஏதாவது கிடைக்கும். துணிக் கடைகளைத் தாண்டிப் பழைய சாமான் பரப்பியிருக்கிற இடத்துக்குக் காலையிலேயே போய்விடுங்கள். மதகடிப்பட்டு செவ்வாய்ச் சந்தை மாட்டுக்குப் பேர் போனது, ரயிலுக்கு அல்ல. ஆனால் கயிறு, நார், முறம் எல்லாம் அங்கே மலிவு. அதன் பயன் பின்னால் வருகிறது.

கடைக்குப் போகும்போது என் சட்டைப் பையில் ஒரு 15 செ.மீ. எஃகு ஸ்கேல், இரண்டு ஒயர் இணைத்த 9 வோல்ட் பேட்டரி, ஒரு சின்னக் காந்தம் இருக்கும். டார்ச்சுக்குப் போன் போதும்.

ஸ்கேலை இரண்டு தண்டவாளங்களின் உள்பக்கத்துக்கு இடையில் வைத்தால் ஒரு நொடியில் அளவு தெரிந்துவிடும். காந்தத்தைத் தண்டவாளத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒட்டினால் அது இரும்பு. நம் கடற்காற்றில் இரும்புத் தண்டவாளம் ஒரு மழைக்காலத்தில் துருப்பிடித்து, மின்சாரம் ஏறாமல் வண்டி நின்று நின்று போகும். எனக்கு இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். ஒட்டாமல், நிறம் வெள்ளையாக இருந்தால் நிக்கல் சில்வர். பெயரில்தான் சில்வர்; உண்மையில் செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்தது. கறுத்தாலும் துடைத்தால் ஓடும். மஞ்சளாக இருந்தால் பித்தளை. அடிக்கடி துடைக்கச் சலிப்பில்லாதவர்கள் வாங்கலாம்.

பிறகு இன்ஜின். 9 வோல்ட் பேட்டரியின் ஒரு ஒயரை ஒரு பக்கச் சக்கரத்திலும் மற்றதை எதிர்ப் பக்கச் சக்கரத்திலும் வைத்தால் மோட்டார் முனக வேண்டும். ஜுவெஃப், ஹார்ன்பி, லீமா எல்லாம் 12 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடுபவை. 9 வோல்ட் சோதனைக்குப் பத்திரமானது. முனகல் மட்டும் கேட்டுச் சக்கரம் சுற்றாவிட்டால் பெரும்பாலும் பழைய கிரீஸ் இறுகியிருக்கும். அது நோயே அல்ல. கழற்றி ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, ஊசி முனையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் சரியாகும். ‘ஓடாத வண்டி’ என்ற விலைக்குக் கிடைக்கிற நல்ல வண்டிகள் இவைதான். சக்கரம் சுற்றும்போது டக், டக் என்று தாளம் தப்பாமல் சத்தம் வந்தால் பிளாஸ்டிக் பல்சக்கரம் வெடித்திருக்கிறது என்று அர்த்தம். மாற்றுப் பல்சக்கரம் கையில் இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். வார்ப்பு உலோக அடிப்பாகத்தில் சிலந்தி வலை மாதிரி வெடிப்பு ஓடி, ஓரம் உப்பியிருந்தால் கை வைக்கவே வேண்டாம். துத்தநாக வார்ப்பில் ஈயம் கலந்துவிட்டால் காலப்போக்கில் உலோகமே உள்ளிருந்து நொறுங்கும். அதற்கு மருந்து கிடையாது.

இன்ஜினைத் திருப்பிப் பார்க்கும்போது அடியில் நடுவில் நீளமாக ஒரு உலோகப் பட்டை தெரிந்தால் அது ஜெர்மனியின் மெர்க்லின் ஆக இருக்கலாம். அது மாறுமின்சாரத்தில் ஓடுவது. தண்டவாளத்தின் நடுவில் வரிசையாக இருக்கும் முனைகளிலிருந்து அந்தப் பட்டை மின்சாரம் எடுக்கும். இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் இடையில் காப்பு இருக்காது என்பதால் நம் இருதண்டவாளப் பாதையில் வைத்த உடனே ஷார்ட் ஆகும். 1938-ல் வந்த ஹார்ன்பி டப்ளோவும் தொடக்கத்தில் நடுத்தண்டவாளம் கொண்டதுதான். இவை மோசமான பொருள்கள் அல்ல. சேகரிப்பவர்கள் தேடி அலைகிறவை. நம் பாதைக்கு ஆகாது, அவ்வளவுதான். வாங்கினால் மாற்றிக்கொள்வதற்காக என்று தெரிந்தே வாங்குங்கள்.

பெட்டியோடு வரும் டிரான்ஸ்ஃபார்மரைப் பற்றி மிகவும் வற்புறுத்திச் சொல்கிறேன். பிரான்சில் 1960-கள் வரைக்கும்கூடப் பல வீடுகளில் 110, 127 வோல்ட் மின்சாரம்தான் இருந்தது. அந்தக் காலத்து டிரான்ஸ்ஃபார்மரை நம் 230 வோல்ட்டில் செருகினால் எரிந்துபோகும்; தொட்டுக்கொண்டிருந்தவர் உயிருக்கும் ஆபத்து. 220 என்று எழுதியிருந்தாலும் உள்ளே ஐம்பது வருஷத்துக் காப்பு ரப்பர் உதிர்ந்திருக்கும். எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை அலமாரியில் வைத்துப் பாருங்கள், பிளக்கில் செருகாதீர்கள். கண்காணிப்புக் கேமராவுக்குப் போடுகிற 12 வோல்ட் அடாப்டர், நல்ல கம்பெனியுடையதாக, எலக்ட்ரானிக்ஸ் கடையில் சில நூறு ரூபாய்க்குப் புதிதாகவே கிடைக்கிறது. அதோடு மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு சின்ன போர்டும் திசை மாற்ற ஒரு சுவிட்சும் சேர்த்தால் கட்டுப்பாட்டுப் பெட்டி தயார். தண்டவாளத்துக்குப் போகும் ஒயரில் ஒரு ஃபியூஸ் கட்டாயம். புது ஒயருக்குக் காசு கொடுக்காதீர்கள். பழைய டெலிபோன் கேபிளை உரித்தால் நிறம் நிறமாக வேண்டுமட்டும் வரும், காயலான் கடையில் எடைக்குத் தருவார்கள்.

விலை பேசுவது பற்றி ஒன்று. காயலான் கடைக்காரருக்கு அது எடைச் சரக்கு. அவர் வாங்கியதைவிட நல்ல லாபம் வைத்து நான் கொடுப்பதால்தான் அடுத்த தடவை போன் வருகிறது. அவரிடம் பத்து இருபது ரூபாய்க்கு மல்லுக்கட்டுவது நமக்குத்தான் நஷ்டம். ஆனால் வீட்டில் நேராக வாங்கும்போது விஷயம் வேறு. வில்லியனூர் பக்கத்தில் ஒரு அம்மா, கணவர் போன பிறகு மகனோடு இருக்க பிரான்சுக்குக் கிளம்பினார். “எடுத்துட்டுப் போ தம்பி, இரும்புக் கடைக்குப் போடறதுக்கு நீ வச்சுக்க” என்று முழு செட்டையும் முன்னால் வைத்தார். அசல் அட்டைப்பெட்டி மடங்காமல், உள்ளே காகிதங்களோடு ஒரு இன்ஜின் இருந்தது. சேகரிப்பவர்களிடம் பெட்டிக்கே தனி மதிப்பு உண்டு. அதை அவரிடம் சொல்லி, இன்ஜினை மகனுக்கே எடுத்துப் போகச் சொன்னேன். தண்டவாளத்தையும் பெட்டி இல்லாத கோச்சுகளையும் நானே ஒரு நியாயமான விலை சொல்லி எடுத்துக்கொண்டேன். தெரியாதவரிடம் அவருடைய அறியாமையைக் காசாக்குவதை நான் மலிவு என்று கணக்கில் வைப்பதில்லை. அந்தத் தெருவிலிருந்து எனக்கு இன்றைக்கும் சாமான் வருகிறது.

திருவிழாக் கடைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். திருக்காமீசுவரர் கோயில் தேர், லூர்து மாதா திருவிழா, வீராம்பட்டினம் ஆடித் தேர் எல்லாவற்றிலும் பேட்டரி ரயில் விற்கும். அதை ரயிலாக வாங்காதீர்கள். தண்டவாள அளவு எதனோடும் சேராது. கடைசி நாள் இரவு கடை கட்டும்போது உடைந்த பெட்டியோடு நிற்பதைக் கேட்டால் சொற்ப விலைக்குக் கொடுப்பார்கள். உள்ளே ஒரு குட்டி மோட்டார், பல்சக்கர வரிசை, பேட்டரி அறை எல்லாம் இருக்கும். ரயில்வே கேட் ஏற்றி இறக்க அது போதும். குழந்தைக்கென்று வாங்கினால் ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு அது கட்டாயம்.

நிலக்காட்சிக்கு நான் ரயில் கடைப் பொருள் எதுவுமே வாங்கியதில்லை. தண்டவாளத்துக்கு அடியில் சத்தம் உறிஞ்ச வெளிநாட்டுக்காரர்கள் போடும் கார்க் பட்டை, நம் மோட்டார் உதிரிபாகக் கடையில் கேஸ்கட் ஷீட் என்ற பெயரில் கிடைக்கிறது. வாங்கி வந்து பட்டையாக வெட்டிக்கொள்ள வேண்டியதுதான். மருந்துக் கடையில் மாவுக்கட்டுத் துணி; நனைத்துப் போர்த்தினால் குன்று. அங்கேயே ஊசியும் சிரிஞ்சும். எண்ணெய் விடவும், நீர் கலந்த ஃபெவிக்காலைச் சல்லிக்கு நடுவில் சொட்டவும் அதைவிட நல்ல கருவி இல்லை. செருப்புக் கடையில் எறிகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்களைக் கேட்டு வாங்கி இன்ஜின் பெட்டிகளில் போட்டு வைக்கிறேன். மரம் அறுக்கும் இடத்துத் தூளைச் சலித்துப் பச்சைச் சாயத்தில் ஊறவைத்தால் புல். பாகூர் ஏரிப் பாசனத்து நெல்வயலைக் காட்ட ஒரு தென்னைநார் மிதியடியைப் பச்சை அடித்து வெட்டி ஒட்டினேன். சந்தையில் வாங்கிய நார்க்கயிற்றைப் பிரித்துக் கூரை வேய்ந்தேன்.

சல்லிக்கு மணல் எடுப்பவர்கள் ஒன்று செய்ய வேண்டும். நம் கடற்கரை மணலில் கறுப்பாக மின்னுவது காந்தம் இழுக்கும் இரும்புத் தாது. அது ஒரு பொடி இருந்தாலும் இன்ஜின் மோட்டாரின் காந்தம் உள்ளே இழுத்துக்கொண்டு பல்சக்கரத்தை அரைத்துவிடும். உப்பும் சேர்ந்தது என்பதால் கடல் மணலே வேண்டாம். கட்டட மணலைச் சலித்து, கழுவி, காய்ந்த பிறகு பாலித்தீனில் சுற்றிய காந்தத்தை அதில் பலமுறை ஓட்டி, எதுவும் ஒட்டாத பிறகுதான் பலகைக்குக் கொண்டு போகிறேன்.

வில்லியனூர் சுடுமண் சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு இருப்பது பலருக்குத் தெரியும்; இந்த ஊர்க் கலைஞர் வி.கே.முனுசாமிக்கு 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. பட்டறைகளில் சூளையில் லேசாக வெடித்த குட்டி பொம்மைகளைக் கேட்டுப் பாருங்கள். ஊர் எல்லையில் நிற்கும் அய்யனார் குதிரையை அப்படித்தான் வைத்திருக்கிறேன். இதில் மட்டும் நான் விலையைக் குறைத்துக் கேட்பதில்லை. கையால் செய்கிறவருக்கு வெடித்ததும் உழைப்புதான். திருக்கனூர் காகிதக்கூழ் வேலையும் குறியீடு பெற்றது. மலைக் குகை வேண்டுகிறவர்களுக்கு அந்த முறையைக் கற்றுக்கொள்வது மாவுக்கட்டைவிட எடை குறைவான வழி.

வெளிநாட்டிலிருந்து தபாலில் தருவிக்கலாமே என்று கேட்பார்கள். பொம்மைகளோடு அளவு மாதிரிகளும் சுங்கத்தில் ஒரே தலைப்பில்தான் வருகின்றன. அந்தத் தலைப்புக்கான வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70 ஆனது. அதற்கு மேல் ஜி.எஸ்.டி. தபால் செலவு தனி. அங்கே மலிவாக இருப்பது இங்கே வந்து சேரும்போது இரண்டு மடங்கு வரை போகலாம். பிரான்சில் உறவினர் இருக்கிற வீடு நம் கொம்யூன்களில் எத்தனையோ. ஞாயிற்றுக்கிழமைகளில் பிரான்சில் தெருவில் பரண் சாமான் விற்பார்கள். ஊருக்கு வரும்போது ஒரு கை அகலத் தண்டவாளக் கட்டு கொண்டுவரச் சொன்னால் சூட்கேஸில் இடம் பிடிக்காது. இன்ஜின் கேட்காதீர்கள், ஓடுமா என்று அவர்களுக்குப் பார்க்கத் தெரியாது. தண்டவாளத்துக்குக் காந்தம் ஒன்று போதும்; வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரைந்து அனுப்பினால் சரியாகப் பார்த்து வாங்கி வருகிறார்கள்.

ஒரே ஒரு பொருளைப் பழையதாக வாங்காதீர்கள்: பாதை பிரிகிற பாயிண்ட். அதன் நாக்கு அரை மில்லிமீட்டர் வளைந்திருந்தாலும் வண்டி அங்கேதான் தடம் புரளும். வளைந்திருப்பது கடையில் கண்ணுக்குத் தெரியாது, பேட்டரியும் காந்தமும் காட்டாது. என் வில்லியனூர் ஸ்டேஷனில் கிராசிங் பாதைக்கு இரண்டு பாயிண்ட் வேண்டும். மற்றதில் மிச்சம் பிடித்த காசை அதற்கென்று ஒதுக்கிப் புதிதாகவே, முழு விலை கொடுத்து வாங்கினேன். தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் குட்டி ஜாயின்டர்களையும் அதே பார்சலில் புதிதாக வாங்கிக்கொண்டேன்.